மொட்டைக் கடிதத்தில் ஒரு சுருக்கொப்பம்

அத்தியாயம் 5

மொட்டைக் கடிதம் எழுதுகிறவனுக்கு இருக்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். பெயரைப் போடாமல் இருக்க வேண்டும். அதைக்கூட இந்த ஆள் உருப்படியாகச் செய்யவில்லை என்று பறக்கும்படைக்குத் தெரிய வந்தபோது மணி பதினொன்றே கால். மூன்று மணிக்கு ஒருத்தியின் வேலை போகப் போகிறது. நடுவில் சாப்பாட்டு நேரம் வேறு.

பறக்கும்படை என்பது அவளுடைய பெயரல்ல. பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையோடு சரி. பதினெட்டு வருடம் தேர்வுக் கூடங்களுக்குள் திடீரென்று நுழைந்து காப்பி அடிப்பவர்களைப் பிடிக்கும் படையில் இருந்தாள். அதை விட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது பட்டப்பெயரும் கூடவே வந்துவிட்டது. அவளுடைய உதவியாளன் பிட், அவள் கையாலேயே பிடிபட்டவன். பத்தொன்பது வயதில் இடுப்பு, காலுறை, கால்குலேட்டர் மூடி என்று முப்பத்தொரு இடத்தில் துண்டுச் சீட்டு ஒளித்து வைத்திருந்தான். எந்தச் சீட்டு எங்கே என்பதற்கு ஓர் அட்டவணை சட்டைக் காலருக்குள். மூன்று வருடம் தேர்வெழுதத் தடை வாங்கிக் கொடுத்தவள், அந்த அட்டவணையை மட்டும் மறக்க முடியாமல் பின்னாளில் அவனைத் தேடிப்போய் வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள். அவனுக்கு இப்போது முப்பத்தாறு வயது. பட்டம் வாங்கவே இல்லை. தலையில் முடியும் நிற்கவில்லை.

"மொட்டைக் கடிதத்தைக் கண்டுபிடிக்க மொட்டைத் தலை. பொருத்தமாத்தான் ஆள் எடுத்திருக்கீங்க மேடம்," என்றான் பிட்.

"வாயை மூடிக்கிட்டு இதைப் படி."

பல்கலைக்கழக வளாகத்தில், வேதியியல் கட்டடத்துக்கு வெளியே ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் கோப்பு. அந்தக் கோப்பைக் காலை எட்டு மணிக்கு ஒரு மனிதர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அலுவலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். இதே பல்கலைக்கழகத்தில் இருபத்திரண்டு வருடமாக எழுத்தர், ஸ்டோர்ஸ் பிரிவு என்று சொன்னார். அவருடைய தங்கை இங்கேயே வேதியியல் விரிவுரையாளர், ஒப்பந்தத்தில். பல்கலைக்கழகத்துக்குத் தரம் போட வெளியூரிலிருந்து ஒரு மதிப்பீட்டுக் குழு வந்து மூன்று நாளாகத் தங்கியிருக்கிறது. குழு வருவதற்குப் பத்து நாள் முன்பு, குறைதீர்ப்புப் பிரிவுக்குக் கையெழுத்தில்லாத புகார் ஒன்று வந்தது. எழுதியது தங்கைதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இன்று மூன்று மணிக்குக் குழு கோப்புகளை மூடும். அதற்குள் அவளை நீக்கி உத்தரவு போட வேண்டுமாம். நிறுவனத்துக்குக் களங்கம் உண்டாக்கியவர் என்று ஒரு வரி அதில் ஏறிவிட்டால், அப்புறம் எந்தக் கல்லூரியும் அவளை வாசற்படி ஏற விடாது.

"அவ எழுதலைங்க," என்றார் அந்த அண்ணன். "புருஷன் போனதுலேர்ந்து என் வீட்டு மாடியிலதான் பொண்ணோட இருக்கா. படிப்பைத் தவிர அவளுக்கு வேற ஒண்ணும் தெரியாது. வேற யாரோ எழுதினதுன்னு நிரூபிச்சுக் குடுத்துடுங்க, போதும்." சொல்லும்போது கை நடுங்கியது. நடுங்குகிற கையைப் பார்த்தால் பறக்கும்படைக்கு எப்போதும் சந்தேகம் வரும். இந்த முறை இரக்கம் வந்துவிட்டது. அதற்காகப் பிறகு தன்னையே நொந்துகொள்ளப் போகிறாள்.

பிட் கடிதத்தைப் படித்து முடித்தான். கணினியில் அடித்த கடிதம், முக்கால் பக்கம்தான். ஆய்வகத்தில் தண்ணீர் இல்லை. குழுவுக்குக் காட்டுவதற்காக நூல்கள் கடையிலிருந்து மூன்று நாளைக்கு இரவல் வாங்கப்படுகின்றன. பேராசிரியர் பட்டியலில் உள்ள ஆறு பேர் இந்த ஊரிலேயே இல்லை.

"என்ன தெரியுது?"

"எழுதின ஆளுக்கு மனசாட்சி இருக்குன்னு தெரியுது."

"அப்புறம்?"

"அதனால இங்க வேலை பாக்கறவரா இருக்க முடியாது."

"உறையைப் பாரு. தபால்ல வந்ததுன்னு வரவு முத்திரை குத்தியிருக்காங்க."

பிட் உறையை எடுத்தான். உள்ளங்கை அகலம்தான் இருந்தது. கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மடிப்பே இல்ல மேடம். மடிக்காம இதுக்குள்ள போகாது. உள்ள போனப்புறம் யாரோ இஸ்திரி போட்டிருக்கணும்."

"இல்லேன்னா உள்ள போகவே இல்ல. இடது பக்க ஓரத்தைப் பாரு."

"ரெண்டு விரக்கடை இடம் விட்டிருக்கு."

"கோப்புல கோக்க ஓட்டை போடும்போது எழுத்து சேதமாகக் கூடாதுன்னு விட்ட இடம். வயிறெரிஞ்சு திட்டறவன் கோப்புல போடத் தோதாவா திட்டுவான்?"

பிட் சிரித்தான். பறக்கும்படை சிரிக்கவில்லை. அவள் விரல் முதல் வரியில் நின்றிருந்தது. 'ஆய்வகத்தில் தண்ணீர் வசதி உள்ளது' என்று அடிக்கப்பட்டிருந்தது. 'உள்ளது' மேல் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது.

"அடிச்சதை அடிச்சிருக்கான்," என்றான் பிட்.

"தண்ணி இல்லேன்னு புகார் சொல்ல வந்தவனுக்கு விரல் எப்படி 'உள்ளது'ன்னு போகும்? உள்ளது உள்ளதுன்னே அடிச்சுப் பழகின விரல் இது. அதுக்குப் பக்கத்துல பாரு."

திருத்தத்துக்குப் பக்கத்தில், பேனாவால், பொடியாக ஒரு சுழி. சுழிக்கு ஒரு வால். வாலுக்குக் கீழே இரண்டு புள்ளி. எந்த அலுவலகத்திலும் ஒரு சொல்லைத் திருத்தினால் திருத்தியவர் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தாள் செல்லாது. மொட்டைக் கடிதத்தைச் செல்லுபடியாக்கி வைத்திருந்தான் புண்ணியவான்.

"முகமூடி போட்டுக்கிட்டு நெத்தியில விலாசம் எழுதி வச்சிருக்கான் மேடம்," என்றான் பிட். "இனிஷியலுக்குச் சொந்தக்காரரைக் கண்டுபிடிச்சாச்சுன்னா ரெண்டு மணிக்கெல்லாம் சாப்பிடலாம்."

முதலில் தங்கையைப் பார்த்துவிடலாம் என்று மாடி ஏறினார்கள். ஆய்வகத்தில் முப்பது மாணவர்கள் குழாய்களைச் சுற்றி நின்றார்கள். திறந்து, தண்ணீர் வருவதைப் பார்த்து, மூடி, மறுபடி திறந்தார்கள். கரும்பலகையில், சொட்டுச் சொட்டாக அளந்து விடும் ப்யூரெட் குழாயின் படம். பல வருடமாக அழித்து அழித்து அதே இடத்தில் வரைந்ததால் பலகையே அங்கே வெளுத்திருந்தது. பையில் தையல் போட்ட வெள்ளைக் கோட்டோடு விரிவுரையாளர் ஒவ்வொரு மேஜையாக ஓடிக்கொண்டிருந்தாள்.

"எதுவா இருந்தாலும் ஒரு மணிக்கு மேல வாங்க," என்றாள். "குழு வருதுன்னு லாரித் தண்ணி அரைத் தொட்டி ஊத்தியிருக்காங்க. தீர்றதுக்குள்ள இவங்க ஒரு தடவையாவது நிஜமா டைட்ரேஷன் பண்ணிடணும். ஆறு வருஷமா போர்டுல படம் போட்டுத்தான் நடத்தறேன். நான் சொட்டுன்னு சொல்வேன், இவங்க எழுதிப்பாங்க."

"மூணு மணிக்கு உங்க வேலை போகுதுன்னு தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் அவசரப்படறேன்."

ஒரு மாணவி குழம்பிய முகத்தோடு வந்தாள். "மிஸ், புத்தகத்துல பன்னெண்டு புள்ளி நாலு. எனக்குப் பதினொண்ணு புள்ளி ஒன்பது வருது. எதை எழுதறது?"

"வந்ததை எழுது."

"தப்பாயிடாதா?"

"வந்ததை எழுதும்மா," என்றாள் அவள்.  அந்தப் பெண் நம்பிக்கையில்லாமல் திரும்பிப் போனாள்.

பிட் பார்வையாளர் சீட்டு ஒன்றை நீட்டினான். முன்பே அவன் அதில் நேற்றைய தேதியைப் போட்டு வைத்திருந்தான். இது அவனுடைய பழைய வித்தை. விரிவுரையாளர் தேதி தப்பு என்று கண்டு, எண்ணின் மேலேயே அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சுழியும் இல்லை, வாலும் இல்லை, கோடுகூட இல்லை.

"இவங்க இல்ல," என்றான் பிட், படி இறங்கும்போது. "இவங்க வாழ்க்கையில ஆபீஸ் பக்கமே போனதில்ல. திருத்தத்துக்கு இனிஷியல் போடணும்னே தெரியல."

அது போதும் என்று பறக்கும்படைக்குத் தோன்றியது. ஒரு வேலையைக் காப்பாற்றிவிடலாம் என்று அந்த ஐந்து நிமிடம் அவள் உண்மையாகவே நம்பினாள்.

நிர்வாகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் தர உறுதி அலுவலகம். அதன் பெரிய அறையைச் சான்று அறை என்று ஆக்கியிருந்தார்கள். நீள நீளமான மேஜைகளில் இருநூற்றுப் பதினான்கு கோப்புகள், பச்சை நாடா, மஞ்சள் நாடா, சிவப்பு நாடா என்று பிரித்து அடுக்கியிருந்தன. தூசி தட்டிக்கொண்டிருந்த அட்டெண்டர் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"பாக்கலாம், பிரிக்கக் கூடாது. நாடா கலர் மாறினா என்னைத்தான் கேப்பாங்க."

"பிரிக்காம எப்படிங்க படிக்கிறது?"

"படிக்கிறதுக்கா வச்சிருக்கோம்?" என்று அட்டெண்டர் கேட்டார். கிண்டல் இல்லை, அந்த மனிதருக்கு உண்மையாகவே சந்தேகம்.

பிட் அலமாரியின் கீழ்த்தட்டில் குனிந்தான். ஒளித்து வைத்த காகிதம் எங்கே இருக்கும் என்பது அவனுக்குக் கை வந்த கலை. குழுவுக்குக் கொடுத்த சுய மதிப்பீட்டு அறிக்கையின் முதல் வரைவு, திருத்தங்களோடு, பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் கிடந்தது. எழுநூறு பக்கம். உரக்கப் படித்தான்.

"விளையாட்டுத் திடல் உள்ளது. மகளிர் ஓய்வறை உள்ளது. மொழி ஆய்வகம் உள்ளது. நீச்சல் குளம்..." பக்கத்தைத் திருப்பினான். "உள்ளது. மேடம், கடவுள் உண்டா இல்லையான்னு கேட்டிருந்தாக்கூட உள்ளதுன்னு அடிச்சிருப்பான்."

"திருத்தத்தைப் பாரு."

ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூன்று திருத்தம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் ஒரு சுழி, ஒரு வால், இரண்டு புள்ளி. பறக்கும்படை ஒரு பக்கத்தை உருவி, மொட்டைக் கடிதத்தை அதன்மேல் வைத்தாள். இரண்டும் ஒன்றுதான், குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"இதை அடிச்சது யாருங்க?" என்று அட்டெண்டரைக் கேட்டாள்.

"எழுத்தர் ஐயாதான். ஆறு மாசமா இந்த வேலைக்குன்னு இங்க போட்டிருக்காங்க. மொதல்ல ஸ்டோர்ஸ்ல இருந்தவரு."

ஸ்டோர்ஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் பறக்கும்படை கடிதத்தின் மேலிருந்து கையை எடுத்தாள். ரகசியப் புகாரின் அசல் கோப்பு ஸ்டோர்ஸ் எழுத்தர் கைக்கு எப்படி வந்தது என்று காலை எட்டு மணிக்கே கேட்டிருக்க வேண்டும். பதினெட்டு வருடம் பிள்ளைகளின் சாக்ஸைத் துழாவியவள் இதைக் கேட்காமல் விட்டாள்.

கதவு திறந்தது. கை நிறையக் கோப்புகளோடு உள்ளே வந்தவர், காலையில் அவள் வாசலில் நின்ற அதே அண்ணன்தான். அவளையும், மேஜைமேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த இரண்டு தாள்களையும் பார்த்தார். கோப்புகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

"உங்க கைதானே இது?" என்றாள் அவள்.

"இனிஷியல் போட்டேனா?" அவர் கிட்டே வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "போட்டிருக்கேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்மா. கை தானாப் போட்டிருக்கு."

"தங்கச்சி கழுத்துக்கு நீங்களே சுருக்கு மாட்டிட்டு, அவுக்கறதுக்கு எங்களைக் கூப்பிட்டீங்களா?" பிட் குரலில் கேலி இல்லை.

"அவ பேரை எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. சார் சொல்லச் சொல்ல அடிச்சேன். மாதிரிக் கடிதம், கோப்புக்குத் தேவைன்னு சொன்னாரு. இந்த ஆபீஸ் ஆள் யாரோதான் எழுதினதுன்னு நீங்க கண்டுபிடிச்சா அவளை விட்டுடுவாங்க, நான் மாட்டாம இருந்துடலாம்னு நெனச்சேன்." முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். "கேவலம்தான். வேற வழி தெரியல."

"அவர் மேல தப்பில்லம்மா. நான்தான் சொன்னேன்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

தர உறுதி இயக்குநர். ஒல்லியான மனிதர், மூன்று நாளாகத் தூங்காத கண்கள். முன்பு புள்ளியியல் நடத்தியவராம். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை என்பதுதான் பறக்கும்படைக்கு அச்சமாக இருந்தது.

"குறைதீர்ப்புக்கு இருபது மார்க். அஞ்சு வருஷத்துல எத்தனை புகார் வந்துச்சுன்னு காட்டணும். ஒண்ணுகூட வரலை. வந்ததே இல்லேன்னா நம்ப மாட்டாங்க. அதனால ஒரு புகார் வேணும்."

"அதுக்கு உண்மையையே எழுதினீங்களா?"

"பொய்யா எழுத யோசிக்கணும். நேரம் இல்ல. இதுன்னா சொல்லச் சொல்ல வந்துச்சு." கண்ணைக் கசக்கிக்கொண்டார். "புகார் உண்மைன்னு ஒத்துக்கிட்டா தண்ணிக்கு மார்க் போயிடும், நூலகத்துக்குப் போயிடும். அதனால விசாரணையில அது பொய்யாகணும். பொய்னு ஆச்சுன்னா சொன்ன ஆளைக் காட்டணும். நிரந்தர ஆளைத் தொட்டா வழக்கு போடுவாங்க. ஒப்பந்தப் பட்டியல்ல யாருக்கு இந்த வாரம் முடியுதுன்னு பார்த்தேன். அவங்க பேர் வந்துச்சு. இவரோட தங்கச்சின்னு அப்புறம்தான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சப்புறம்?"

"வருத்தப்பட்டேன்," என்றார் இயக்குநர். "தரம் கிடைக்கலேன்னா இங்க படிக்கிற பதினோராயிரம் பிள்ளைங்க பட்டம் வெறும் தாள்மா. எந்த வேலைக்கும் செல்லாது. ஒருத்தங்களா பதினோராயிரமான்னு நீங்களே சொல்லுங்க."

"அந்தப் பதினோராயிரத்துக்குத் தண்ணி விட்டிருந்தா இந்தக் கணக்கே வேண்டாமே சார்," என்றான் பிட்.

"தண்ணிக்கு எழுதி ஆறு வருஷமாச்சு. கோப்பு இருக்கு. பச்சை நாடா." அவர் எழுந்தார். பறக்கும்படையின் கையிலிருந்த இரண்டு தாள்களையும் உற்றுப் பார்த்தார். "நல்லாக் கண்டுபிடிச்சிருக்கீங்க. நாங்களே இதைக் கவனிக்கலை. உங்க அறிக்கையை எழுத்துல குடுத்துடுங்க. வெளி ஆள் விசாரணைன்னா அஞ்சு மார்க் கூட. இவர் உங்ககிட்ட வரப்போறார்னு எனக்கு நேத்தே தெரியும். அரை நாள் லீவுலயும், கோப்பை வெளிய எடுத்துட்டுப் போற சீட்டுலயும் நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

பிட் அண்ணனைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆனா இப்ப ஒரு சிக்கல் வந்துடுச்சு," என்றார் இயக்குநர், ஏதோ இருக்கைப் பற்றாக்குறையைச் சொல்வதுபோல. "இவர் கைதான்னு நீங்க நிரூபிச்சுட்டீங்க. இது இருக்கும்போது தங்கச்சி பேரை மட்டும் வச்சா கேள்வி வரும். ஒண்ணு இவர் பேர் போகணும். இல்லேன்னா நான்தான் எழுதினேன்னு தங்கச்சி கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். இந்தத் தாளை நான் மாத்திக்குவேன். கோப்புல ஒரு பேருக்குத்தான் இடம். மூணு மணிக்குள்ள சொல்லுங்க."

பறக்கும்படை இரண்டு தாள்களையும் பையில் திணித்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். பிட் பின்னால் மூச்சு வாங்க வந்தான். குழுத் தலைவர் சாப்பிட்டுவிட்டு விருந்தினர் அறை வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளை முடி, நல்ல முகம். அவள் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னாள்: தண்ணீர், நூல்கள், இல்லாத ஆறு பேர், புகாரை எழுதிய கை, எழுதச் சொன்ன வாய். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"எழுத்துல குடுங்கம்மா."

"இப்பவே தர்றேன்."

"என்கிட்ட நேரா தர முடியாது. குறைதீர்ப்புப் பிரிவு வழியா வரணும்."

"அதுவும் கீழே அந்த இயக்குநர் ரூம்தான் சார்," என்றான் பிட். "அங்கேர்ந்துதான் ஓடி வர்றோம்."

தலைவர் அவனைப் பார்த்தார். அவர் கண்ணில் வெட்கம் இருந்தது; அதை அவர் மறைக்கவும் இல்லை. "எங்க பல்கலைக்கழகத்துக்கு அடுத்த மாசம் குழு வருது தம்பி. இங்க இருக்கிற இயக்குநர்தான் அதுல உறுப்பினர். இந்தப் புகார் யோசனையே எங்ககிட்டேர்ந்து போனதா இருக்கும்." கைக்குட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்தார். "சாயங்காலம் எங்களுக்கு ரயில் இருக்கு."

திரும்பி இறங்கும்போது பிட்  நடுப்படியில் நின்றான்.

"அன்னிக்கு என்னை மூணு வருஷம் எழுத விடாம பண்ணீங்க. எனக்கு அப்ப கோபம். தப்புப் பண்ணா பிடிப்பாங்க, அதான் முறைன்னு அப்புறம் மனசைத் தேத்திக்கிட்டேன்." அவன் வழுக்கையைத் தடவினான். "முப்பத்தொரு சீட்டுக்கு மூணு வருஷம். இங்க இருநூத்துப் பதினாலு கோப்பு மேடம்."

 தான் இவ்வளவு காலம் யாரைப் பிடித்தோம் என்று அவளுக்கே அப்போது விளங்கவில்லை.

சான்று அறைக்குத் திரும்பியபோது மணி இரண்டரை; இயக்குநர் அதே நாற்காலியில் இருந்தார். அண்ணன் தங்கையை அழைத்து வந்திருந்தார். வெள்ளைக் கோட்டின் முன்பக்கம் முழுக்க ஈரம். நடந்ததை அவர் மென்று முழுங்காமல் சொல்லிவிட்டார் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. கோபப்படுவாள், கத்துவாள் என்று பறக்கும்படை காத்திருந்தாள்; கத்தினால் தேவலை என்றுகூட நினைத்தாள்.

"நான் ஒத்துக்கறேன்," என்றார் அண்ணன் முந்திக்கொண்டு. "என் கை எழுதினது. என் பேரே போகட்டும்."

"சும்மா இருண்ணா," என்றாள் தங்கை. "உனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். எனக்கு ஒன்பது தடவை ஒரு ஒரு வருஷம்."

"அதுக்காக?"

"எல்லாரும் ஒரே வீட்டுல இருக்கோம். யாராவது ஒருத்தர் மிஞ்சணும். நீ போயிட்டா அண்ணி, பசங்க, என் பொண்ணு, எல்லாரும் நடுத்தெரு. நான் போனா நான் மட்டும்தான்."

"நீங்க கையெழுத்துப் போடாதீங்க," என்றாள் பறக்கும்படை.  "ரெண்டு தாளும் என்கிட்ட இருக்கு. நீதிமன்றத்துக்குப் போகலாம். பத்திரிகைக்குப் போகலாம்."

"போனா யாரும்மா தண்டனை அனுபவிக்கப் போறது? உங்க ரெண்டு தாள்லயும் இருக்கிறது எங்க அண்ணன் கைதானே." அவள் அமைதியாகத்தான் சொன்னாள். "நல்லது பண்ணணும்னு வந்தீங்க. தெரியும். அந்தத் தாளை இவர்கிட்ட குடுத்துடுங்க."

பறக்கும்படை பையைத் திறந்தாள். இவ்வளவு வருடத் தொழிலில் கிடைத்த சான்றைத் திருப்பிக் கொடுப்பது இதுதான் முதல் தடவை. கொடுத்தாள். இயக்குநர் அதை வாங்கி, பார்க்காமலே மேஜை இழுப்பறைக்குள் போட்டார். கை கூசியதோ என்னவோ, இழுப்பறையைச் சத்தம் வராமல் மூடினார்.

தங்கை ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டாள். இனி உத்தரவு அடிக்க வேண்டும். அந்த அலுவலகத்தில் தட்டச்சு தெரிந்தவர் ஒரே ஒருத்தர்தான்.

அண்ணன் கணினி முன்னால் உட்கார்ந்தார். அவருக்குப் பார்வை மங்கியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டியும் பிரயோஜனமில்லை. தங்கை அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.  பணியில் சேர்ந்த தேதியில் அவர் தடுமாறியபோது எடுத்துக் கொடுத்தாள். 'நீக்கத்துக்கான காரணம்' என்ற இடத்தில் அவர் விரல்கள் நின்றுவிட்டன.

"என்னன்னு போடறது?" என்றார் யாரையும் பார்க்காமல்.

இயக்குநர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பொய் புகார் அளித்ததால்னு போடுண்ணா," என்றாள் தங்கை, வகுப்பில் சொல்வதுபோல நிறுத்தி நிதானமாக.

அவர் அடித்தார். அவள் குனிந்து திரையைப் படித்தாள்.

"பொய்ப் புகார். நடுவுல ஒரு 'ப்' வரும்."

அண்ணன் அந்த 'ப்'பைச் சேர்த்தார்.